வீட்டு உதவியாளர் என்று எழுதிய கடிதம்

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு பணக்காரத் தமிழ்க் குடும்பத்தில் ஒன்பது வருடம் பெர்சனல் அசிஸ்டன்டாக இருந்தேன். கணவர் அரசு தரும் டத்தோ பட்டம் பெற்றவர் என்பதால் வீட்டம்மாவை எல்லோரும் டத்தின் என்றுதான் அழைப்போம். அவருடைய பயணங்கள், வீட்டு வேலையாட்களின் பெர்மிட், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்கள், விருந்தில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக்கூடாது என்பது வரை எல்லாம் என் பொறுப்பு. என் சொந்த ஊரான சிகாமட்டில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு வெள்ளம் புகுந்த அன்று, நான் அவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பூக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வெள்ள நிவாரண முகாமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நான்காம் வருடத்தோடு சம்பளம் ஏறுவது நின்றுவிட்டது. கேட்டால், "நீ எங்க குடும்பத்துல ஒருத்தி லா. அடுத்த வருஷம் நம்ம கம்பெனி ஆபீஸ்ல உன்னை மேனேஜரா போடுறேன்" என்பார். அதை நம்பி சிங்கப்பூரில் கிடைத்த இரண்டு வேலைகளை உதறினேன். நினைத்தால் என் மீதே ஆத்திரம் வருகிறது.

மேனேஜர் பதவி ஒருநாள் காலியானது. வெளிநாட்டில் படிப்பை முடித்து வந்த தன் தம்பி மகளை அதில் உட்கார வைத்தார் டத்தின். என்னிடம், "அவளுக்கு எல்லாம் புதுசு. ரெண்டு மாசம் கூட இருந்து சொல்லிக்குடு" என்றார்.

வேலையை விடுகிறேன் என்று அங்கேயே சொன்னேன். அனுபவக் கடிதம் கேட்டேன். இரண்டு வாரம் இழுத்தடித்துக் கொடுத்த தாளில் ஒரே ஒரு வரி: 'இவர் எங்கள் வீட்டில் வீட்டு உதவியாளராக இருந்தார், நல்லவர்.'

தாளை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன்.

"டத்தின், நான் செஞ்ச வேலை இதுவா?"

"வீட்லதானே இருந்த? வேற என்னன்னு எழுதுறது?"

"சமையல்கட்டுல வேலை செய்றவங்கள நான் குறைவா நினைக்கல. ஆனா உங்க கையெழுத்துக்கு வந்த ஒவ்வொரு பேப்பரையும் படிச்சுப் பார்த்தது நான். அத எழுதுங்க."

"இவ்ளோ கோபம் ஆகாதுமா."

மறுநாள் காலை நானே இரண்டு பக்கக் கடிதம் தயாரித்து அவர் முன்னால் வைத்தேன். செய்த வேலை ஒவ்வொன்றும் அதில் இருந்தது. கடைசியில், மேனேஜர் பதவி தருவதாகச் சொன்னதும் இருந்தது. அவர் வாசித்தார். ஒன்பது வருடத்தில் நான் எழுதிய ஒன்றை அவர் முழுதாக வாசித்தது அன்றுதான். கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கடிதத்தோடு பாசிர் கூடாங்கில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்துக்குப் போனேன். நேர்காணல் செய்த மலாய்ப் பெண்மணி வாசித்துவிட்டு, இவ்வளவையும் ஒரே ஆளாகவா செய்தீர்கள் என்று கேட்டார். ஆனாலும் கடைநிலை கிளார்க்காகத்தான் எடுத்தார்கள். தனியார் வீட்டில் பார்த்த வேலையை அவர்கள் அனுபவமாகக் கணக்கில் எடுப்பதில்லையாம். முப்பத்தெட்டு வயதில், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தேன்.

போன மாதம் அந்தத் தம்பி மகள் போன் செய்தாள்.

"அக்கா, அத்தை கிளினிக்ல இருக்காங்க. எந்த மருந்து அவங்களுக்கு ஒத்துக்காது?"

மருந்தின் பெயரைச் சொன்னேன். குறித்துக்கொண்டு, அடுத்ததாகக் கார் இன்சூரன்ஸைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள்.

"அதுக்கு ஒரு ஆள் வைங்கமா. ஒழுங்கா சம்பளம் குடுத்து வைங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.