கோடு ஓடிய கல்

என் சம்பளத்தில் நான் வாங்கிய முதல் நகை, மரகதம் பதித்த தங்க டாலர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மரகதம் போட்ட முதல் ஆளும் நான்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொள்வதில் அப்போது எனக்குக் கூச்சமே இருக்கவில்லை.

கல்லுக்குள் நார்போல மெல்லிய கோடுகள் ஓடின. மண்ணில் விளைந்த மரகதம் அப்படித்தான் இருக்கும், கண்ணாடிதான் மாசில்லாமல் மின்னும் என்று படித்துவிட்டுத்தான் கடைக்குப் போயிருந்தேன். ஆங்கிலத்தில் இருந்த சான்றிதழை என் பட்டத்தோடு ஒரே கோப்பில் வைத்தேன்.

அம்மா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். ஊறிப்போன விரல்களால் டாலரைத் திருப்பிப் பார்த்து, "இன்னாடி, உள்ள கோடாட்டம் கீது?" என்றாள்.

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா" என்றேன். கைப்பேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அடுத்த மாதம், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வருவதாக முடிவானது. ஒத்தாசைக்குப் பட்டாபிராமிலிருந்து அத்தை இரண்டு நாள் முன்பே வந்துவிட்டாள். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் டாலரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருக்கிறாள். "இன்னா அண்ணி, கல்லு வுட்டுக்கினு கீது? நல்ல காரியத்துக்கு ஒடஞ்ச கல்ல மாட்டிக்கினு குந்துவாளா? வர்றவங்க இன்னா நெனப்பாங்க?"

அம்மா பயந்துபோனாள். மறுநாள் கேன்டீனில் அரைநாள் விடுப்பு கேட்டு, கள்ளிக்குப்பத்தில் ஒரு நகைப் பட்டறைக்கு டாலரை எடுத்துப் போனாள்.

மாலையில் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் உள்ளங்கையை விரித்தாள். சிக்னல் விளக்குபோல ஒரு பச்சை.

"இப்ப சுத்தமா கீதா? கூடவே நின்னு மாத்திக்கினு வந்தேன்."

"பழைய கல்லு எங்க?"

"அவங்கிட்டயே குடுத்துட்டேன். ஒடஞ்சத வெச்சிக்கினு இன்னா பண்றது?"

"நீ குடுத்ததுதாம்மா மரகதம். இது கண்ணாடி."

அத்தை வெங்காயம் அரிந்துகொண்டே சிரித்தாள். "ஐய, கோடு போட்டாதான் நல்ல கல்லாம்! நாளைக்கு ஓட்ட சட்டிதான் நல்ல சட்டின்னுவா. படிச்சவ இல்ல?"

அம்மா சிரிக்கவில்லை.

விடிந்ததும் அவளை அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் என்னைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துப் பேசினார். "ஒடஞ்ச கல்லு, எனக்கு வேணாம்னு சொன்னியாம்மா இல்லியா? அது எப்பவோ குப்பைல போயிருக்கும்."

"சொன்னேன்" என்றாள் அம்மா. அவளுக்குப் பொய் வராது. சான்றிதழ் என் கையில்தான் இருந்தது. அந்தப் பட்டறையில் அதைப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அன்று மாலை ஆவடிக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கழுத்தருகே குனிந்து டாலரைத் தொட்டார். "கல்லு எவ்வளவு சுத்தமா இருக்கு! ஒரு கீறல் இல்ல."

அத்தை என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். கேசரித் தட்டுகளோடு நின்ற அம்மா, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றேன். என் படிப்பு அந்த நேரத்தில் எனக்குக் கொடுத்த சொல் அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு, தட்டுகளை அடுக்கியபடி அம்மா சொன்னாள்: "கோடு இருந்தாதான் நெசக் கல்லுன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எனக்குப் புரிஞ்சிருக்கும்டி."

அதை நான் படித்துத் தெரிந்துகொள்ள அரை நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

இப்போது அவள் என் பொருள் எதையும் கேட்காமல் தொடுவதில்லை. என் சுடிதாரைத் துவைக்க எடுத்தால்கூட, அறை வாசலிலேயே நின்றுவிடுகிறாள்.

"இத தண்ணில போடலாமா? இல்ல, இதுவும் எனக்குப் புரியாததா?"