பேரம் பேசிய பொட்டியும் என் மச்சானும்

நிலத் தரகில் பேசத் தெரிந்தவன் பாதித் தரகன். பாதிப் பேச்சில் எழுந்து போகத் தெரிந்தவன்தான் முழுத் தரகன். நிலம் வாங்க, விற்க என்று செய்யூர் வெயிலில் அலைந்து நொந்தவர்களுக்கு இது தெரியும். துண்டை உதறித் தோளில் போட்டு, "சரிப்படாது" என்று நாலு எட்டு நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். விலை அங்கேதான் படியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இந்த வித்தை போதுமானதாக இருந்தது.

என் மனைவியின் தம்பி தனபாலும் நானும் ஒரே மொபெட்டில் போய்த் தரகு செய்தவர்கள். எங்களைப் பிரித்தது ஒரு கம்ப்யூட்டர். சிரிக்காதீர்கள்.

மூஞ்சி இல்லாத ஆள்

சுனாமிக்கு முந்தின வருஷம். அணுபுரத்தில் குடியிருந்த ஒரு இன்ஜினியர் சவுக்குத் தோப்பு கேட்டார். செய்யூர் பக்கம் குப்பம்மாள் என்ற அம்மாவின் தோப்பைக் காட்டினோம். பிடித்துவிட்டது. விலை பேச உட்கார்ந்தால், "நேர்ல பேரம் பேச எனக்குக் கூச்சங்க. இன்டர்நெட்ல இதுக்குன்னே ஒரு புரோகிராம் இருக்கு, முதல்ல பழகிப் பாருங்க" என்று எங்களைப் புதுப்பட்டினம் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப்போனார்.

அதில் கம்ப்யூட்டர்தான் விற்கிறவன், நாம் வாங்குகிறவன். நாம் சொல்வதை அவர் இங்கிலீஷில் தட்டுவார்; அது சொல்வதைத் தமிழில் சொல்வார். எங்கே அவசரப்பட்டோம், எங்கே விட்டுக்கொடுத்தோம் என்று கடைசியில் மார்க் வரும். தனபால் முதலில் உட்கார்ந்தான். கெஞ்சினான், கோபப்பட்டான், பெண்டாட்டி நகையை அடகு வைத்துவிட்டு வந்ததாகப் பொய்கூடச் சொன்னான். அது இறங்கவே இல்லை. வேர்த்து விறுவிறுத்து என் பக்கம் திரும்பினான். "இன்னா மாமா, பேஜாரா கீது! மூஞ்சியே இல்லாதவன் கைல எப்பிடிப் பேசறது?"

டீக்கடையில் நின்றது

அடுத்து நான். இரண்டு தரம் விலை சொன்னேன். அது மசியவில்லை. விடுவேனா? "வாணாம் சார், சரிப்படாது" என்று துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்து எதிர் டீக்கடையில் நின்றேன். நான் சொன்னதை இன்ஜினியர் அப்படியே தட்டிவிட்டார். ஒரு டீ குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். யாரும் கூப்பிடவில்லை.

எட்டிப் பார்த்தால், பேச்சு முறிந்தது என்று சொல்லி எனக்கு முட்டை மார்க் போட்டிருந்தது. தனபால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கிற ஆளும் இல்லை. சென்டர் நடத்தும் பெண்தான் பாவப்பட்டு வாசலுக்கு வந்தாள். "உள்ள வா நைனா, அது உன்ன கூப்புடாது."

பொட்டி கேட்டது

நிஜப் பேரமும் அதிலேயே நடந்தது. விற்கிறவரும் வாங்குகிறவரும் தனித்தனியாக, எது எவ்வளவு முக்கியம் என்று நூறு மார்க்கைப் பிரித்துப் போடவேண்டும். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் பார்த்து அதுவே ஒரு வழி சொல்லும். பட்ட அவமானம் போதும் என்று நான் போகவில்லை. தனபால்தான் குப்பம்மாளை அழைத்துப்போனான்; அவள் சொன்னதைத் தட்டிக்கொடுத்தது சென்டர் பெண். தோப்பு மூலையில் அவள் புருஷனைப் புதைத்திருந்தார்கள். அந்த மூலைக்கும் அங்கே போய்வரும் வழிக்குமே நூறையும் போட்டுவிட்டாள். இன்ஜினியருக்கோ விலைதான் பெரிது. மூலையும் வழியும் அவளுக்கு, விலை அவர் கேட்டபடி என்று அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி முடித்துவைத்தது. அவளும் தலையாட்டிவிட்டாள்.

விஷயம் தெரிந்து அவள் வீட்டுக்கு ஓடினேன். "நான் பேசியிருந்தா விலையும் ஏறியிருக்குமே! மூலையப் பத்தி என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள். "நீ வெலதான் கேட்ட நைனா. வேற இன்னா வோணும்னு அந்தப் பொட்டிதான் கேட்டுது."

செய்யூர் பஸ் ஸ்டாண்டில்

அந்தச் சூட்டோடு தனபாலைப் பிடித்தேன். "மனசுல கீறத அப்படியே கொட்ட வைக்கறவன் தரகனாடா?" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். எப்போதும் தலையைக் குனிந்துகொள்கிறவன் அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தான். "அந்தம்மா உன் கைல சொல்லியிருந்தா, வெல ஏறணும்னு அத மறைக்கச் சொல்லியிருப்ப மாமா. அந்தாளு வேலி போட்டப்புறம் அந்தம்மா எங்க போயி அழுவும்?"

வந்த பஸ்ஸில் ஏறிப் போனான். அப்புறம் அந்தப் பொட்டியைக் கற்றுக்கொண்டு தனியாகத் தரகு செய்தான். என் மொபெட்டின் பின்சீட்டில் பை மட்டும்தான் வந்தது.

கல்யாணப் பந்தி

சில வருஷம் கழித்து என் மகளுக்குத் திருக்கழுக்குன்றத்தில் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் நடத்த முடியுமா? என் மனைவி போய் அழைத்தாள். நான் போகவில்லை; அவன் வயதில் சின்னவன், அவன்தான் வரவேண்டும். வந்தான். புடவை, மாலை, வரிசைத்தட்டு என்று ஒரு குறையும் வைக்கவில்லை. பந்தியில் நானே பாயச வாளியைத் தூக்கினேன். அவன் இலைக்கு முன்னால் போய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பாயசத்தைத்தான் இன்னொரு கரண்டி ஊற்றினேன். குடித்தான், நிமிரவில்லை.

போகும்போது மண்டப வாசலில் அக்காளிடம் சொன்னான், எனக்கும் கேட்கும்படி. "உன் பொண்ணுக்காவ வந்தேங்கா. மாமாவுக்காவ வர்ல."

ஊரில் எத்தனையோ பேரை ஒத்துப்போக வைத்துக் கமிஷன் வாங்கியவன் நான். எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் பேசுவது என்ற பேரம் மட்டும் இன்னும் படியவில்லை.