வலது கண்ணால் ஆடிய ஆட்டங்கள்

பயிற்சி முகாமில் கோல் கம்பத்தருகே நின்று பந்தைத் திசைதிருப்பப் பழகிக்கொண்டிருந்தேன். சக ஆட்டக்காரி அடித்த பந்து என் மட்டையின் விளிம்பில் பட்டு எழும்பி இடது கண்ணில் மோதியது. இந்திய மகளிர் ஹாக்கி அணியில் முன்கள ஆட்டக்காரியாகச் சேர்ந்து எனக்கு ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. புருவத்தில் தையல் போட்டு, ஒரு மாத ஓய்வுக்கு எங்கள் ஊரான சுருளிப்பட்டிக்கு அனுப்பினார்கள்.

வீக்கம் வடிந்தது. ஆனால் வலது கண்ணை மூடினால் எங்கள் திராட்சைப் பந்தல் தண்ணீருக்குள் கிடப்பதுபோலக் கலங்கியது. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தேனிக்குப் போய் ஒரு கண் டாக்டரைப் பார்த்தேன். விழித்திரையில் தழும்பு என்றார்.

"பழைய பார்வை திரும்பாதும்மா. இன்னொரு அடி பட்டா சுத்தமாப் போயிரும். ஆட்டத்த விட்டுரு."

பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றேன். எங்கள் ஊர்ப் பக்கம், கம்பம் போகும் பஸ்கள் இரண்டு கண்ணெதிரே கிளம்பிப் போயின. ஏறத் தோன்றவில்லை. வீடு வந்ததும் அப்பா கேட்டார், "எங்கன ஆத்தா போயிட்டு வார?"

"கூடப் படிச்ச பிள்ளயப் பாக்கப் போனேன்ப்பா."

முகாமுக்குத் திரும்பியதும் மருத்துவப் பரிசோதனை. வரிசையில் எனக்கு முன்னால் ஐந்து பேர். அவர்கள் சத்தமாக எழுத்துகளைப் படிக்கப் படிக்க, நான் உதட்டுக்குள் மனப்பாடம் செய்தேன். என் முறை வந்தது. வலது கண்ணைப் பொத்தினேன். பலகையில் மேலே இருந்த பெரிய எழுத்து மட்டும்தான் தெரிந்தது. கடைசி வரிவரை ஒப்பித்துவிட்டு வெளியே வந்தபோது பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

இரண்டு ஆண்டுகள் அப்படி ஆடினேன். வெளிநாடுகளில் கோல் போட்டேன். ஊரில் பேனர் கட்டினார்கள். இடப்பக்கமிருந்து வரும் பந்தைச் சத்தத்தை வைத்துக் கணித்தேன். கூட்டம் ஆரவாரித்தால் அதுவும் கேட்காது. பந்து கோலை நோக்கிப் பாயும் பெனால்டி கார்னர் என்றால், முன்கூட்டியே தலையை இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்வேன். கோல் விழுந்து மற்றவர்கள் என்னைக் கட்டிப்பிடிக்கும்போது, வலது கண்ணை மூடி, இடது கண்ணில் வெளிச்சம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

பிறகு ஒரு பயிற்சி ஆட்டம். என் முன்னால் பந்து தனியாக உருண்டு வந்தது. முழு வீச்சில் அடித்தேன். இடப்பக்கமிருந்து அதே பந்துக்கு என் அறைத்தோழி பாய்ந்து வந்தது எனக்குத் தெரியவே இல்லை. மட்டை அவள் வாயில் பட்டது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. முன்பல் இரண்டு போயிற்று. அதுவரை என் கண்ணுக்காக மட்டுமே பயந்திருந்தேன். என்னால் இன்னொருத்திக்கு ஆபத்து என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அன்று மாலையே பயிற்சியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பெட்டியைக் கட்டு என்றார். மருத்துவமனையில் அறைத்தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு, வாயில் பஞ்சோடு இந்தியில் சொன்னாள்: "எனக்காவது சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் குரல் கொடுத்திருப்பேனே."

ஊருக்கு வந்து அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"தெரியும் ஆத்தா. ஒஞ் சுடிதார்ப் பையில கண் டாக்டர் சீட்டு கெடந்துச்சுன்னு அம்மா எடுத்துக் குடுத்தா. தேனிக்குப் போய் டாக்டரப் பாத்தேன். எல்லாஞ் சொன்னாக."

"பெறகு ஏன்ப்பா தடுக்கல?"

"தடுத்தா நிப்பியா? நீ ஆடுற அன்னிக்கு வீட்டுல போன் அடிச்சா நான் எடுக்க மாட்டேன். தோட்டத்துப் பக்கம் போயிருவேன். அம்மாதான் எடுப்பா."

இப்போது தேனியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போகும் வழியில் ஒரு பள்ளி மைதானம். பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் கேட்டால், எவ்வளவு தள்ளி நடந்தாலும், கை தானாக முகத்துக்கு உயர்ந்துவிடுகிறது.