என் மகள் கடித்த கை

கல்யாணமாகி நான் ஆரணிக்கு வந்த முதல் கோடை விடுமுறையிலேயே என்னை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்பாடு என் நாத்தனாருடையது. என் கணவரின் அக்கா, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். வயதில் மூத்தவள், 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். எனக்கு வரவில்லை.

தம்பி வீட்டில் எது நடந்தாலும் அவள்தான் முடிவு செய்வாள். எங்கள் தறிகளுக்கு என்றைக்கு லீவு, யார் வேனில் எந்த சீட்டில் உட்காருவது, புளிசாதம் யார் கட்டுவது, எல்லாம். புளிசாதம் எப்போதும் நான்தான் கட்டினேன்.

அன்றைக்கு வெயிலில் வெள்ளைப்புலி ஒரு மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. நாத்தனார் கம்பியோரம் நின்று கைதட்டினாள், விசில் அடித்தாள். அது காதை மட்டும் அசைத்தது. "காசு குடுத்து வந்திருக்கோம், திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குது" என்று கோபப்பட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பி, "உனக்கு இன்னா, நீ எருமைங்களோடவே வளந்தவ" என்றாள். வேனில் வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

நான் கலசப்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் எருமை இருந்தது உண்மைதான். அதை யாரும் கைதட்டி எழுப்பியதில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு விடுமுறையும் எனக்கு ஒரு தண்டனையாயிற்று.

மகள் பிறந்து, அவள் பேச ஆரம்பித்த பிறகு வேலூரில் பொருட்காட்சி போட்டார்கள். கண்ணாடிக் குகைக்குள் நடந்துபோனால் தலைக்கு மேல் மீன் நீந்தும். கடைசியில் ஒரு பெரிய தொட்டியில் மீன்வால் மாட்டிக்கொண்ட ஒரு பெண் இறங்கி வந்து, கண்ணாடியில் கையை வைத்துச் சிரித்தாள். தண்ணீருக்குள் அவள் கண்கள் சிவந்திருந்தன. என் மகள், "அந்த அக்கா எப்போ மூச்சு விடுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் மேலே போகவில்லை. கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மகள் அழத் தொடங்கினாள். நாத்தனார் அவளைப் பிடுங்கித் தூக்கி, கண்ணாடியோடு முகத்தை ஒட்டவைத்து, நல்லா பார் என்றாள். வீட்டுக்கு வந்த பிறகு தெருவெல்லாம் சொன்னாள், அம்மாவைப் போலவே பொண்ணும் பயந்தாங்கொள்ளி என்று.

நான் கணவரிடம் இனி நாங்கள் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா ஆசையாகக் கூப்பிடுகிறாள், பிள்ளைகள் நாலு இடம் பார்க்க வேண்டாமா என்றார். அவர் நல்லவர். அக்கா முன்னால் மட்டும் வாய் திறக்காதவர்.

பண்ணைக்குப் போனது மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது. ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகிற வழியில் யாரோ வயலை வளைத்து, வேலி போட்டு, முயலும் வாத்தும் ஈமு கோழியும் வளர்த்தார்கள். கழுத்தில் கலர் ரிப்பன் கட்டிய வெள்ளாடுகளுக்கு கேரட் ஊட்ட ஒரு வரிசை நின்றது. என் அப்பா பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முயல்களைப் பிள்ளைகள் காதைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒன்று மூலையில் போய் மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. நாத்தனார் அதையும் வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பறவை என்றால் என் மகளுக்கு ஆகாது. எங்கள் தெருவில் ஒரு கோழி அவள் கண்ணுக்குப் பக்கத்தில் கொத்திவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாத்தனாருக்கும் தெரியும். மருந்து போட்டவளே அவள்தான்.

நான் தண்ணீர் பாட்டிலை நிரப்பக் குழாய்ப் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது, சிவப்பும் நீலமுமாக ஒரு பெரிய வெளிநாட்டுக் கிளி என் மகளின் தோளில் உட்கார்ந்திருந்தது. நாத்தனார் அவளுக்குப் பின்னால் மண்டிபோட்டு, இரண்டு கைகளையும் பிடித்து அழுத்தியிருந்தாள். "சிரி கண்ணு, சிரிச்சாதான் எடுப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கிளிக்காரர் அடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள், ஜல்தி ஜல்தி என்றார். எதிரே செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் கணவர்.

மகள் அழவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் ஓடுவதற்குள் அவள் தலையைக் குனிந்து, தன்னைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் பல்லைப் பதித்துவிட்டாள். நாத்தனார் அலறினாள். கிளி சிறகை விரித்து அடித்தது, கிளிக்காரர் அதைப் பிடுங்கிக்கொண்டார். நாத்தனார் எழுந்து என் மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

நான் மகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இன்னொரு வாட்டி எம்பொண்ணு மேல கை வெச்சீங்கன்னா, நான் சும்மா இருக்க மாட்டேன் அண்ணி" என்றேன். அத்தனை வருடத்தில் அவளிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"அக்காகிட்ட இப்பிடியா பேசுவ?" என்றார் கணவர்.

"உங்க பொண்ணு கன்னத்த பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பார்க்கவில்லை. அக்காவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மருந்து எடுத்துவர வேனுக்கு ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் என் மனம் ஒரேயடியாக விட்டுப்போனது.

நாங்கள் இருவரும் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தோம். யாரும் கூப்பிடவில்லை. புளியமர நிழலில் நின்று, சேத்துப்பட்டிலிருந்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறினோம். பாதி தூரம் வந்த பிறகு மகள் பேசினாள். "அந்தக் கிளிக்கும் பயம்மா. என் சட்டைய இறுக்கமா புடிச்சிகினு இருந்துச்சு" என்றாள். அத்தையைக் கடித்ததற்குத் திட்டுவாயா என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள், ஆரணி வரும்வரை.

அன்று சாயங்காலமே நாத்தனார் கையில் கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தை தன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைதானே, விழுந்தால் என்ன குறைந்துவிடும், பிரச்சினை முடிந்துவிடும் என்றார். நான் கூடத்துக்கு வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, விழமாட்டாள் என்றேன்.

"நாய் கடிச்சா ஊசி போட்டுக்கலாம். இவ கடிச்சதுக்கு நான் இன்னாத்த போட்டுக்கறது?" என்றாள் நாத்தனார்.

அதை அவள் வேண்டுமென்றே என் மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் போய் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவள் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். பிறகு எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

குடும்பத்தைப் பிரித்துவிட்டாய் என்று கணவர் சொன்னார். சில நாட்கள் அக்கா வீட்டிலேயே சாப்பிட்டார். நான் கூப்பிடவில்லை. அவராகவே ஒருநாள் வந்து தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன். அடுத்த விடுமுறைக்கு அவர்கள் அமிர்தி உயிரியல் பூங்காவுக்குப் போனார்கள். வேன் எங்கள் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் செருப்பைப் போட்டார். நான் சேலை முந்தானைகளுக்குக் குச்சம் முடிந்துகொண்டிருந்தேன். புளிசாதம் யார் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது.

போன தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நாத்தனார் எனக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. அவள் தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து, என்னைத் தாண்டி என் மகளிடம் நீட்டினாள். பக்கத்து இலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பிடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"எனக்கு வேணாம் அத்தை" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நாத்தனார் ஜாங்கிரியை இலையில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொண்ண நல்லா வளத்துகினு இருக்க."

"ஆமாங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்தேன்.