இறப்பியேல் குடும்பத்தார் ஐவர்

"சேர், இந்தப் புள்ள மௌத்தாகிட்டதாக் காட்டுது. ஆனா முன்னால நிக்கிறா."

கவுண்டரில் இருந்த பஸ்லியா என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். கண்டிக்குப் பக்கத்துப் பிரதேச செயலகம் ஒன்றின் பதிவுக் கிளை அது. நான் தமிழ்ப் பதிவுகளைப் பார்க்கும் எழுதுவினைஞர்.

வந்திருந்தவள் மடுல்கெல்லத் தோட்டத்து லூர்துமேரி. தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்தாள். மறுநாள் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும். கம்ப்யூட்டரிலோ அவள் பெயருக்கு எதிரே, குறிப்பு என்ற இடத்தில், 'இறப்பு' என்று இருந்தது.

பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 'லூர்துமேரி இறப்பி.' என்று சுருக்கி எழுதியிருந்தார்கள்.

"இது என்னம்மா?"

"இறப்பியேல் சேர், எங்க குடும்பப் பேரு. ரபேல்னு ஒரு சம்மனசு, தேவதூதரு இருக்காரு இல்லியா, அவரு பேரு. எங்க பாட்டன் உபதேசியாரு, அவரு அப்படித்தான் எழுதுவாரு. இந்தப் பக்கம் நாங்க மட்டுந்தான் வச்சிருக்கோம்."

எனக்கு விளங்கிவிட்டது. புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, யாரோ 'இறப்பு' என்பதைப் பிழையாக எழுதியதாக எண்ணி நான்தான் அதைத் திருத்திக் குறிப்பில் போட்டிருந்தேன்.

"அப்ப மத்தவங்க?" என்றாள்.

தேடினேன். இன்னும் நால்வர். லூர்துமேரி ஒவ்வொருவராக அடையாளம் சொன்னாள். தோட்டப் பாடசாலை அதிபரான பெரியப்பா, பல்லேகலயில் சூப்பர்வைசரான அண்ணன், மாவட்ட வலைப்பந்து அணியில் ஆடிய சித்தப்பா மகள். நாலாவது பெயரில் நிறுத்தினாள்.

"இது தம்பி. ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். இது மட்டும் சரி." கொஞ்சம் கழித்து, "அவன் பேரையும் முழுசாப் போட்டுடுங்க சேர்" என்றாள்.

பதிவாளர் மிஸ் வந்து, "யாரு டைப் பண்ணினது?" என்று கேட்டார். அந்த வேலையை மூவர் செய்தோம். மற்ற இருவரும் மாற்றலாகிப் போயிருந்தார்கள். என் பதவி உயர்வு அந்த மாதம் வரவேண்டியிருந்தது.

"நான்தான் மிஸ்."

விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஐந்து பதிவுகளும் அன்று மாலைக்குள் திருத்தப்பட்டன. லூர்துமேரி சான்றிதழை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாள். பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நமக்குத் தெரியாத சொல் ஒருவருடைய பெயராக இருக்கலாம். திருத்துவதற்கு முன்னால் அவரைக் கேளுங்கள். கேட்க ஆளில்லை என்றால், எழுதியிருப்பதை அப்படியே விடுங்கள்.