இடப்பக்கத் தூண்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஏகாம்பரம் சாரின் மனைவி வசந்தா அக்கா தொலைபேசியில் அழைத்தார். "உங்க சார் போயிட்டாருப்பா."   இரண்டாவது பக்கவாதம் என்று பிறகு தெரிந்தது.

நூலகத்தில் சாருக்கு அடுத்த மேசை என்னுடையது. ஆறு வருடம்.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு புதுமனை விருந்து. இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் சிலரும் அந்தப் பந்தியில் இருந்தீர்கள். சார் பரிமாறுபவரை நிறுத்தினார். "ஏம்பா, எனக்கு மட்டும் ஸ்வீட்டு கிடையாதா?"

"வெச்சிட்டேனே அண்ணா."

"எங்க வெச்ச?"

இன்னொன்று வைத்தார். சார் மறுபடி கேட்டார். இலையின் இடது ஓரத்தில் மூன்று ஜாங்கிரி கிடந்தன. "சர்க்கரை இருக்கிறவருக்கு ஆசையப் பாரு" என்றார் ஒருவர். சிரித்தோம். சாரும் சிரித்தார்.

மறுநாள் அவர் போனது கண்ணாடிக் கடைக்கு. கதவு நிலையில் மோதிக்கொண்ட பிறகுதான் மருத்துவமனை. கண்ணில் குறையில்லை, மூளையில் பார்வைக்கான இடத்தில் இரத்தம் அடைபட்டிருக்கிறது, இதுவும் பக்கவாதம்தான் என்றார் மருத்துவர். இரண்டு கண்ணிலும் இடது பாதி போயிருந்தது. உடனே வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்த விருந்தைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை.

போன பார்வை திரும்பாது, தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்த்துப் பழக வேண்டும் என்றார்கள். சாருக்கு வேண்டியது ஒன்றுதான். யார் கையையும் பிடிக்காமல் பிள்ளையார்பாளையத்தில் தன் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடக்க வேண்டும்.

கோயில் பிராகாரத்தில் பழகினார். வலம் வரும்போது சன்னதி வலப்பக்கம், தூண்கள் இடப்பக்கம். அவர் தூண்களை எண்ணுவார். நான் பின்னால் வந்து, விட்டுப்போனவற்றை எண்ணுவேன். பூக்கூடையோடு வந்த ஒரு அம்மாள் கேட்டார்: "ஐய, சாமி அந்தாண்ட இருக்குது. எங்க பாத்துக்கினு போற?"

"சாமி தெரியுதும்மா. தூணுதான் தெரியல."

மாதங்கள். அதே சுற்று. ஒரு மாலை நான் களைத்திருந்தேன்.

"எத்தினி உட்டேன்?"

"ஒண்ணும் விடல சார்."

நின்றார். தலையை முழுக்க இடப்பக்கம் திருப்பி என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். "நீ எண்ணவே இல்ல. இங்க நீ பொய் சொன்னா, ரோட்டுல லாரி வந்து உண்மைய சொல்லும்பா."

மறுபடி சுற்றினோம். ஐந்து தூண்களை விட்டிருந்தார். சொன்னேன். சில வாரங்களில் அது மூன்றானது. பிறகு ஒன்று.

ஒரு திங்கட்கிழமை தனியாக நூலகத்துக்கு வந்தார். இடது தோளில் சுண்ணாம்பு. "சுவருதான் இடிச்சுது. லாரி இல்ல" என்று தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகு நான்கு மாதம் வேலை பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை சார் வீட்டில் கூட்டம். கிடத்தியிருந்த அவருடைய இடப்பக்கம் இடமிருந்தது. நான் சுற்றிக்கொண்டு போய் வலப்பக்கம் நின்றேன். பழக்கம்.

வசந்தா அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "அன்னிக்கு விருந்துல உங்க யாருக்குமே ஒண்ணும் தெரியலையாப்பா?"

இல்லை என்று வாய் வரை வந்தது.

"மூணு தரம் ஸ்வீட்டு கேட்டாருக்கா. எதிர்லயே இருந்துச்சு. நாங்க சிரிச்சோம்" என்றேன்.

 நான் உட்கார அக்கா கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார்.

விட்டதை விட்டதாகச் சொல்வது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.