பாதி பார்

அவிநாசிபாளையத்தில் பஸ் ஏறி ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறாராம். மீசையில்கூடப் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. துணியில் இழை எண்ணும் சின்ன மடக்குக் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அச்சடித்தது எதைக் கண்டாலும் அதை வைத்துத்தான் படிப்பார் போல. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடவில்லை.

டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னதால், தினமும் காலையில் இட்லியை விட்டுவிட்டு எனர்ஜி பார் தின்றுகொண்டிருந்தேன். அன்று பாரை வெளியே எடுத்ததும் கண்ணாடியும் வெளியே வந்தது.

“ஏனுங்க, அதைக் கொஞ்சம் குடுங்க, பாக்கலாம்.”

“சர்க்கரை எட்டு கிராம்தாங்க,” என்றேன் பெருமையாக.

“அது ஒரு சர்விங்குக்குங்க. கீழ பொடி எழுத்துல பாருங்க, ஒரு சர்விங்னா பாதி பாருதான். முழுசாத் தின்னா பதினாறுங்க.”

“இப்ப என்னங்க பண்றது?”

“நானிருக்கறனுங்க,” என்று உறையைப் பிரித்து, பாதியை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

முன்பின் தெரியாதவருக்கு என் உடம்பின் மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன்.

அடுத்த வாரம் அதே பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தார். பக்கத்தில் இருந்தவர் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார். கண்ணாடி வெளியே வந்தது.

“ஏனுங்க, இதுல ஒரு சர்விங்னா மூணு பிஸ்கட்டுதானுங்க.”

அவர் படித்துச் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதனால் இன்றும் பாதி பார்தான் தின்கிறேன். மீதியைக் கையில் வைத்துக்கொண்டு, அவிநாசிபாளையம் வந்ததும் படிக்கட்டைப் பார்க்கிறேன்.